மீன் தொட்டியைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? முதலில் ஃபில்டரைக் காப்பாற்றுங்கள்!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதோ, தீபாவளிக்கு வீட்டைப் புரட்டிப்போட்டுத் துடைக்கும்போதோ, ஹாலில் இருக்கும் மீன் தொட்டிக்கும் ஒரு யோகம் அடிக்கும். மீன்களை வாளியில் விட்டுவிட்டு, தொட்டியை வாசலுக்குத் தூக்கி வந்து, கல்லையெல்லாம் கொட்டி அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டால்... ஆஹா, கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருக்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம்கூடப் போடுவோம்.

அடுத்த நாள் மீன்கள் கொஞ்சம் சோர்ந்து தெரியும். மூன்றாம் நாள் ஒன்று மிதக்கும். வாரக் கடைசிக்குள் பாதித் தொட்டி காலி. பிள்ளைகள் அழ, "வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கிச்சு, விடு கண்ணு" என்று பாட்டி தேற்றுவார். கடைக்காரரோ, "தண்ணி ஒத்துக்கல சார்" என்று சொல்லி இன்னும் நாலு மீனைக் கவரில் கட்டித் தருவார்.

பெரும்பாலான வீடுகளில் நடந்தது வேறு. அழுக்கு என்று நினைத்து நாம் குழாயடியில் பிழிந்து ஊற்றிய அந்தப் பழுப்புத் தண்ணீரோடு, மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு கூட்டமே சாக்கடைக்குப் போய்விட்டது. அந்தக் கூட்டத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டால், தொட்டியை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக் கட்டலாம். மீன் ஒன்றுகூடச் சாக வேண்டியதில்லை.

ஸ்பாஞ்சில் குடியிருக்கும் காவல்காரர்கள்

மீன் தன் செவுள் வழியாக எந்நேரமும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஏரியிலோ ஆற்றிலோ அது கரைந்து பரவிப்போகும். இரண்டடித் தொட்டிக்குள் எங்கே போகும்? அப்படியே தேங்கினால் செவுள் எரிந்து மீன் செத்துவிடும்.

அதைத் தடுப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான்; ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே குறைந்துவிடும். இந்த இரண்டு கட்ட வேலையை 1890 வாக்கிலேயே ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி கண்டறிந்துவிட்டார்.

இந்த பாக்டீரியாக்களில் பெரும்பகுதி தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்ச், கூழாங்கல், கண்ணாடி, செடியின் இலை என்று ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். அதிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்பாஞ்சில்தான் கூட்டம் அதிகம். "பழைய தண்ணியைப் பாதி வெச்சிருந்தேனே, அப்புறமும் ஏன் செத்துச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தண்ணீரை வைத்திருந்தீர்கள், ஸ்பாஞ்சைக் கழுவிவிட்டீர்கள்.

இவை மெதுவாகத்தான் பெருகும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் முழுதாக உருவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆனால், அழிக்க ஐந்து நிமிடம் போதும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கிருமிகளைக் கொல்வதற்காகவே கலக்கப்படுவது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அது பார்க்காது. காயவைத்தாலும் சாகும். காற்றோட்டம் இல்லாமல் மூடி வைத்தாலும் சாகும்.

மீன் ஏன் முதல் நாளே சாகாமல் மூன்றாம் நாள் சாகிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும். அம்மோனியா சேர அவ்வளவு நாளாகிறது.

முழுசாகப் பிரிக்கத்தான் வேண்டுமா?

வேலையைத் தொடங்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வேலைகளுக்கு மீனைத் தொட்டியைவிட்டு எடுக்கவே தேவையில்லை.

கண்ணாடியில் பாசி, கல்லுக்கு நடுவே கழிவு, கலங்கிய தண்ணீர் இவ்வளவுதான் பிரச்னை என்றால், மீன் உள்ளேயே இருக்கட்டும். ஒரு குழாயைப் போட்டு கல்லின் இடுக்கில் இருக்கும் கசடை உறிஞ்சி எடுத்து, நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்காமல், வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று நான்கு வாரம் செய்யுங்கள்.

பொம்மைகளை மாற்றுவது, செடி நடுவது, பின்பக்கத்துக்குப் படம் ஒட்டுவது ஆகியவற்றையும் மீன் இருக்கும்போதே செய்யலாம்.

கல்லை முழுக்க மாற்றுவது, கண்ணாடிக் கசிவை அடைப்பது, தொட்டியையே மாற்றுவது, வேறு அறைக்கோ வேறு வீட்டுக்கோ கொண்டுபோவது ஆகிய நான்குக்கும் மீன்களை வெளியே எடுத்தே ஆக வேண்டும். 'அப்படியே நாலு பேர் சேர்ந்து நகர்த்திடலாம்' என்ற எண்ணம் வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 56 கிலோ. கல்லும் கண்ணாடியும் தனி. தண்ணீரோடு தூக்கினால் கண்ணாடி முறுக்கிக்கொண்டு ஒட்டு விட்டுவிடும். காலில் விழுந்தால் கதை வேறு.

ஒரு மாதம் முன்பே ஒரு சின்ன வேலை

சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் கடைகள் நிறைந்த இடங்களில் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் குறைந்த விலைக்கே கிடைக்கும். ஏர் பம்பில் மாட்டினால் வேலை செய்யும் எளிய சாதனம். தொட்டியைப் பிரிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே அதை வாங்கி, பழைய ஃபில்டரோடு சேர்த்துத் தொட்டியில் ஓடவிடுங்கள். அந்த ஒரு மாதத்தில் பாக்டீரியாக்கள் அதிலும் குடியேறிவிடும். பிறகு மீன்கள் எங்கே போனாலும் அந்த ஸ்பாஞ்சும் கூடவே போகும்.

கல்லுக்கு அடியில் ஓட்டைத் தட்டு வைத்த பழைய மாதிரி ஃபில்டர் இருக்கும் வீடுகளுக்கு இது மிக முக்கியம். அந்தத் தொட்டிகளில் கல்தான் ஃபில்டர். கல்லை மாற்றினால் ஃபில்டரையே தூக்கிப்போட்டதாக அர்த்தம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைக்க நேரமில்லை என்றால், பழைய கல்லில் ஒரு பகுதியை வலைப்பையில் கட்டி, முதலில் மீன்களோடு டப்பிலும், பிறகு புதுத் தொட்டியிலும் ஒரு மாதம் போட்டு வையுங்கள்.

தண்ணீரைத் தயார் செய்யுங்கள்

புதுத் தொட்டிக்கான தண்ணீரை இரண்டு நாள் முன்னதாகவே பிடித்து வையுங்கள். மெட்ரோ வாட்டர், நகராட்சித் தண்ணீர் என்றால் வாய் அகன்ற டிரம்மில் ஊற்றி, ஏர் பம்ப் போட்டு 24 மணி நேரம் விட்டால் சாதாரண குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை அட்டையில் போட்டிருக்கும் அளவில் விடலாம். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட். குளோரினை உடனே செயலிழக்கச் செய்யும்.

போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால், பூமிக்கு அடியிலிருந்து வருவதால் ஆக்ஸிஜன் குறைவாகவும் கரியமில வாயு கூடுதலாகவும் இருக்கலாம். அதற்கும் ஒரு நாள் காற்றுக் குமிழி வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் மட்டும் ஊற்றுவது தவறு. அதில் தாது உப்புகள் மிகக் குறைவு, மீன் தன் உடம்பின் உப்புச் சமநிலையைக் காக்கத் திணறும், தண்ணீரின் பி.ஹெச். அளவும் சட்டென்று சரியும். தொட்டிக்கு இத்தனை நாளும் எந்தத் தண்ணீர் ஊற்றினீர்களோ அதையே ஊற்றுங்கள்.

இந்த பி.ஹெச். விஷயத்தில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஒரே அளவு அம்மோனியா, அமிலத் தன்மையுள்ள தண்ணீரில் பெரும்பாலும் சாதுவாக இருக்கும்; காரத் தன்மை கூடினால் நஞ்சாக மாறும். பி.ஹெச். 7-லிருந்து 8-க்கு ஏறினாலே நஞ்சான பங்கு கிட்டத்தட்ட 10 மடங்காகிறது. நாள்பட்ட தொட்டித் தண்ணீர் அமிலத்தன்மைக்குச் சாய்ந்திருக்கும். நம்மூர்ப் போர் தண்ணீரோ பல இடங்களில் காரம். ஆகவே ஒரேயடியாக மாற்றாமல், முந்தைய இரண்டு வாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீரைச் சேர்த்து மீனைப் பழக்கிவிடுங்கள்.

பிரிப்பதற்கு முந்தின நாள் தீனி போட வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் கழிவும் குறைவு. நன்றாக வளர்ந்த ஆரோக்கியமான மீன்கள் ஓரிரு நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது. 'பாவம், பசிக்குமே' என்று டப்பில் அள்ளிப் போடும் தீனிதான் ஆபத்து. பொடிக் குஞ்சுகள் மட்டும் விதிவிலக்கு.

தற்காலிக வீடு

துணி துவைக்கும் பக்கெட்டை எடுக்காதீர்கள். சோப்பின் சுவடு இருந்தாலே செவுளுக்குக் கேடு. மீனுக்கென்றே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சுத்தமான தெர்மாகோல் பெட்டி போதும். தெர்மாகோலில் வெப்பம் சட்டென்று ஏறி இறங்காது. ஆழத்தைவிட அகலம் முக்கியம். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் கலப்பது தண்ணீரின் மேல்பரப்பில்தான்.

டப்பை நிரப்ப, தொட்டியின் பழைய தண்ணீரையே பயன்படுத்துங்கள். கல்லைக் கலக்குவதற்கு முன்பே, மேலே இருக்கும் தெளிந்த தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிட வேண்டும். பிறகு ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரை அப்படியே டப்புக்கு மாற்றி, உடனே மறுபடி ஓடவிடுங்கள். மூடிய டப்பா மாதிரி ஃபில்டர்களில் மோட்டார் நின்றால், சில மணி நேரத்தில் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். ஃபில்டரை மாட்ட வசதியில்லையா? ஸ்பாஞ்சை மட்டும் எடுத்து மீன்களோடு டப்பில் போட்டு, பக்கத்தில் ஏர் ஸ்டோனை வையுங்கள்.

ஸ்பாஞ்ச் அடைத்துப்போயிருந்தால் கழுவலாம். குழாயடியில் வேண்டாம். ஒரு வாளியில் பழைய தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் இரண்டு முறை லேசாகப் பிழிந்தால் போதும். வெள்ளை வெளேரென்று ஆக வேண்டியதில்லை, பழுப்பாகத்தான் இருக்கட்டும்.

கோடையில் இன்னும் கவனம் தேவை. 20 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். மொட்டை மாடியிலோ வெயில் படும் பால்கனியிலோ டப்பை வைக்காதீர்கள். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் உறுப்பு உள்ளவை; ஓரளவு தாங்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்கும் டெட்ராவுக்கும் அந்த வசதி இல்லை. கரன்ட் போனால் சமாளிக்க, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டப்பின் மேல் வலையோ காற்றோட்டமுள்ள துணியோ போட்டு மூடுங்கள். புது இடத்தில் மிரண்ட மீன் எகிறிக் குதிக்கும். அரோவானாவும் ஷார்க் என்று நாம் வாங்கும் மீன்களும் இதில் கைதேர்ந்தவை. இருட்டாக இருந்தால் மீன்கள் சீக்கிரம் அடங்கும். வீட்டில் பூனை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஒரு நாளுக்கு மேல் டப்பில் இருக்க நேர்ந்தால், தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அதுவும் தொட்டியில் ஊற்றப்போகும் அதே தண்ணீராக இருக்கட்டும். திரும்பக் குடிபோகும் நாளில் டப்புத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மீனுக்கு அதிர்ச்சியே இருக்காது.

துரத்திப் பிடிக்காதீர்கள்

முதலில் எல்லா மின் இணைப்பையும் பிடுங்குங்கள். ஹீட்டர் இருந்தால் தண்ணீரை இறக்குவதற்கு அரைமணி முன்பே அணைத்துவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழல் காற்றில் பட்டால் வெடிக்கும். கையில் சானிடைசர், சோப்பு, தேங்காய் எண்ணெய் எதுவும் இல்லாமல் நன்றாக அலசிக்கொள்ளுங்கள்.

அடுத்து பொம்மை, கட்டை, செடிகளை எடுங்கள். தண்ணீர் மட்டம் கால்வாசிக்கு வந்தபிறகு பிடித்தால், மீன் ஓட இடமிருக்காது. நீங்களும் ஓட வேண்டாம். முழுத் தொட்டியில் வலையைப் போட்டு அரைமணி நேரம் துரத்தினால், செதில் உதிர்ந்து, மேலே இருக்கும் வழவழப்புப் பூச்சு போய்விடும். மீனுக்குத் தோல் நோய் வராமல் காப்பது அந்த வழவழப்புதான்.

கெளுத்தி வகைகளையும் டேங்க் கிளீனரையும் வலையில் பிடிக்காதீர்கள். முள் சிக்கிக்கொண்டு கிழியும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிவிட்டு, தண்ணீரோடு அப்படியே தூக்குங்கள்.

எல்லா மீனும் வெளியே வந்த பிறகே கல்லைக் கிளறுங்கள். பல மாதம் அசையாத மணலுக்கடியில் கறுப்பாகப் படிந்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு; மீனுக்குக் கொடிய நஞ்சு.

தொட்டிக்குச் செய்ய வேண்டியவை

கண்ணாடியில் படிந்த வெள்ளை உப்புக் கறைக்கு வினிகரில் நனைத்த துணியை ஒட்டிப் போட்டுச் சற்று ஊறவைத்தாலே இளகிவிடும். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட், கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் உள்பக்கம் படக் கூடாது.

கசிவை அடைக்க சிலிக்கான் வாங்கும்போது மீன் தொட்டிக்கானது என்று கேட்டு வாங்குங்கள். பாத்ரூமுக்கான, பூஞ்சை எதிர்ப்பு என்று போட்ட சிலிக்கானில் மருந்து கலந்திருக்கும், அது வேண்டாம். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. பிளேடால் பழையதை முழுக்கச் சுரண்டி, துடைத்து, காயவைத்துத்தான் புதிதாகப் பூச வேண்டும். பூசியபின் குறைந்தது மூன்று நாள், பெரிய தொட்டிக்கு ஒரு வாரம் காயட்டும். வினிகர் போன்ற வாடை முற்றிலும் போயிருக்க வேண்டும். பிறகு வாசலிலேயே தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்கக் கசிகிறதா என்று பார்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

புதுக் கல், புது மணல் எதுவாக இருந்தாலும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஆற்றுக்கல், சிப்பி, மார்பிள் துண்டு போட ஆசைப்பட்டால் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது; தண்ணீரை மேலும் மேலும் காரமாக்கும். பெயின்ட் அடித்த பொம்மை, செம்பு, பித்தளைப் பொருட்கள் வேண்டவே வேண்டாம். பின்கண்ணாடிக்கு வண்ணம் அடிப்பதென்றால் வெளிப்பக்கம் மட்டும்.

ஸ்டாண்டு ஆடாமல் சமமாக நிற்கிறதா என்று பார்த்து, தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட்டை விரியுங்கள். வயர்கள் பிளக் பாயின்ட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறுமாறு மாட்டினால், வயரில் வழியும் தண்ணீர் சுவிட்சுக்குள் போகாது.

பெயின்ட்டும் கொசு மருந்தும்

தொட்டியைத் தொடாமலே மீனைக் கொல்லும் வேலை ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு பெயின்ட் அடிக்கும்போது தொட்டியை ஒரு பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிட்டு, 'பத்திரம்' என்று நினைத்துக்கொள்கிறோம். ஏர் பம்போ அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருக்கிறது. தின்னர் வாடை, சாம்பிராணிப் புகை, கொசு ஸ்ப்ரே எல்லாமே அந்தக் குமிழிகளோடு உள்ளே போகும்.

கொசு, கரப்பான் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனங்கள் மனிதரைவிட மீன்களுக்குப் பல மடங்கு ஆபத்தானவை. ஆகவே பெயின்ட் வேலை நடக்கும் நாட்களில் ஏர் பம்பை வேறு அறையில் வைத்து, நீளமான டியூப் வழியாகக் காற்று கொடுங்கள். கரையானுக்கோ கரப்பானுக்கோ மருந்து அடிக்க ஆள் வருகிறார் என்றால், மீன்களை டப்போடும் ஃபில்டரோடும் பக்கத்து வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்பிவிடுவதே நல்லது.

மறுபடி குடியேற்றம்

கல்லைப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் கலங்காது. நிரம்பியதும் ஃபில்டரை டப்பிலிருந்து எடுத்து உடனே மாட்டி ஓடவிடுங்கள். ஃபில்டர் புதிதாக வாங்கியிருந்தாலும், பழைய ஸ்பாஞ்சை அதற்குள் திணித்தோ பக்கத்தில் வைத்தோ ஒரு மாதம் ஓடவிட வேண்டும். கல்லையும் ஃபில்டரையும் ஒரே நாளில் புதிதாக மாற்றுவது மட்டும் கூடவே கூடாது.

மீன்களை ஒரு கவரில் டப்புத் தண்ணீரோடு எடுத்து, தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகும். பிறகு ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் ஊற்றுங்கள். நாலைந்து முறை ஆனதும் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டு, கவர்த் தண்ணீரைக் கொட்டிவிடலாம். அன்று விளக்குப் போட வேண்டாம், தீனியும் வேண்டாம்.

புதுத் தொட்டி பெரிதாக இருக்கிறதே என்று அன்றைக்கே பத்து மீன் வாங்கி வராதீர்கள். பாக்டீரியாக் கூட்டம் பழைய மீன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும். மூன்று நான்கு வாரம் பொறுத்து, இரண்டிரண்டாகச் சேருங்கள்.

முதல் இரண்டு வாரம்

காலையில் எழுந்ததும் ஒரு பார்வை, இரவு படுக்குமுன் ஒரு பார்வை. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருக்கிறதா? செவுள் கன்றிச் சிவந்திருக்கிறதா? மூச்சு வேகமாக வாங்குகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடாதீர்கள்.

மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீரை, குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரால் மாற்றுங்கள். காற்றைக் கூட்டுங்கள். தீனியை நிறுத்துங்கள். அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட் மீன் கடைகளிலேயே கிடைக்கும். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரைட் காட்டினால், அயோடின் கலக்காத கல் உப்பை 10 லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்து, சிறிது சிறிதாக விடலாம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். செடிகளும் கெளுத்தி வகைகளும் உள்ள தொட்டியில் உப்பு சேர்க்கும்முன் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பால்போல வெளுத்தால் பயந்துபோய் மறுபடி எல்லாவற்றையும் கொட்டிக் கழுவ வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் வேறு பாக்டீரியா தற்காலிகமாகப் பெருகுவதுதான் அது. சில நாட்களில் தானே தெளியும். அதுவரை தீனியை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.

ஏரியில் விட்டுவிடாதீர்கள்

தொட்டியைப் புதுப்பிக்கும்போது சிலருக்குப் பழைய மீன்கள் வேண்டாம் என்று தோன்றும். குறிப்பாக, கையளவாக வாங்கிய டேங்க் கிளீனர் முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருக்கும். 'உயிராச்சே, கொல்ல மனசு வரல' என்று பக்கத்து ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நம்மூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. மீனவர்களின் வலையையும் கிழிக்கிறது. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். வளர்க்க விரும்பும் நண்பருக்குக் கொடுங்கள். நீர்நிலையில் மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்று. டேங்க் கிளீனர் பாசியைத்தான் கொறிக்கும். மற்ற மீன்களின் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யாது. அதுவே நிறையக் கழிவு போடும் மீன்.

போனில் சேமித்துக்கொள்ளுங்கள்

* ஒரு மாதம் முன்: கூடுதல் ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தொட்டியில் ஓடவிடுங்கள்.
* இரண்டு வாரம் முன்: சிறிது சிறிதாகத் தண்ணீர் மாற்றத் தொடங்குங்கள்.
* இரண்டு நாள் முன்: புதுத் தண்ணீரைப் பிடித்து, காற்று கொடுத்து வையுங்கள்.
* முந்தின நாள்: தீனி கிடையாது.
* அன்று: முதலில் பிளக்கைப் பிடுங்கி, தெளிந்த தண்ணீரை டப்பில் இறக்கி, ஃபில்டரை டப்பில் ஓடவிட்டு, அதன் பிறகு மீனைப் பிடியுங்கள். கல்லைக் கிளறுவது கடைசியில்.
* திரும்பும்போது: முதலில் ஃபில்டர், பிறகு மீன். விளக்கும் தீனியும் மறுநாள்.
* இரண்டு வாரம்: பாதித் தீனி, தினமும் இருமுறை கவனிப்பு.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாக வென்று எடுத்து வந்த 'டிஷ்' என்ற கோல்டு ஃபிஷ், 1999 வரை 43 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. எல்லா மீனும் அவ்வளவு நாள் இருக்காதுதான். ஆனால், சரியாகப் பார்த்துக்கொண்டால் கோல்டு ஃபிஷ் பத்து வருடம் தாராளமாக இருக்கும். ஒன்றாம் வகுப்பில் உங்கள் பிள்ளை பெயர் வைத்த மீன், அவர் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும்போதும் அதே ஹாலில் நீந்திக்கொண்டிருக்கலாம். அதற்கு அந்தப் பழுப்பு ஸ்பாஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகாமல் இருங்கள்.